அறுபது இழுப்பு

இருபத்திமூன்று என்று எண்ணியதும் பூவிழிக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இது இருபத்திமூன்றா இருபத்திநான்கா. சாணைக்கல்லை இரண்டு பிளேடுகளுக்கும் குறுக்கே வைத்தபடியே கையை நிறுத்தினாள். நிறுத்தினால் தெரிந்துவிடுமா, கல்லுக்கா நினைவிருக்கப் போகிறது. ஜிக் என்கிற இரும்புச் சட்டத்தில் ஸ்கேட்டிங் காலணிகள் இரண்டும் தலைகீழாகப் பூட்டப்பட்டு, பிளேடுகள் கூரையைப் பார்த்து நின்றன. நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனம். அவளுடையவை அல்ல, ரெனிட்டாவுடையவை. பனித்தளத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்த அந்த அறையில் ஒரு நீள மேசை, ஒரு குழல்விளக்கு, மூலையில் கால் போன நான்கு நாற்காலிகள், சுவரில் ஒரு கடிகாரம். பன்னிரண்டு பத்து. ஒரு மணிக்குள் தாளை எழுதி நடுவர் அம்மாளிடம் கொடுத்துவிட வேண்டும். தாள் எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் வெறுமையாகக் கிடந்தது. இருபத்திமூன்று என்றே வைத்துக்கொள்வோம், ஒன்று கூடிப்போனால் பரவாயில்லை, ஒன்று குறைந்தால்தான் தப்பு என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், ஒன்று குறைந்தால் என்ற அந்த இரண்டு சொல்லில் நினைப்பு சிக்கிக்கொண்டது. இருபத்திநான்கு, இருபத்தைந்து. கல் போகும்போது ஒரு சத்தம், திரும்பி வரும்போது வேறு சத்தம். மேலே பலகைப் படிகளில் யாரோ பூட்ஸ் காலோடு நடந்து போனார்கள், தூசி குழல்விளக்கின் வெளிச்சத்தில் இறங்கியது. எண்ணித்தானே தேய்ப்ப, என்று கேட்டுவிட்டுப் போனாள் ரெனிட்டா. காலணிகளை நீட்டும்போது அதைத்தான் கேட்டாள். "மறுபடி ஓட வெச்சா இது வேணும் மக்கா. எண்ணித்தானே தேய்ப்ப?" எப்போதும் கேட்கிற கேள்விதான், இந்த ஒன்றரை வருஷத்தில் நூறு தடவையாவது கேட்டிருப்பாள், சிரித்துக்கொண்டே. இன்றைக்குச் சிரித்தாளா? பூவிழி முகத்தைப் பார்க்கவில்லை, காலணிகளைத்தான் பார்த்தாள். சிரிக்காமல் கேட்டிருந்தால் அதற்கு வேறு அர்த்தம். சிரித்துக்கொண்டு கேட்டிருந்தால் அதற்கும் வேறு அர்த்தம்.

இருபத்தொன்பது. காலை பதினொன்று நாற்பதுக்கு நடந்ததை அவள் இதுவரை ஏழு தடவை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டாள், இது எட்டாவது. ஆயிரம் மீட்டர், ஒன்பது சுற்று. தெற்கு மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடம். ஜெயிக்கிறவளுக்கு ஆறு மாதம் ஹங்கேரியில் பயிற்சி. நான்கு பேர் ஓடினார்கள், மற்ற இருவரும் இரண்டாம் சுற்றிலேயே பின்தங்கிவிட, முன்னால் ரெனிட்டா, அவள் முதுகுக்கு இரண்டடி பின்னால் பூவிழி. முடிவுக் கோட்டருகே பச்சைக் குல்லாய் போட்ட உள்ளூர்க்காரர் ஒருவர், மீதிச் சுற்றுகளைக் காட்டும் எண் அட்டைகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். குளிருக்கும் ஈரத்துக்கும் நாலும் ஐந்தும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அவர் ஐந்தைத் திருப்பியபோது நாலும் சேர்ந்து திரும்பி மூன்று வந்தது. அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, இரண்டு அட்டைகள் ஒட்டிக்கொண்டன. பூவிழி அட்டையைப் பார்த்து ஓடுகிறவள் அல்ல. அவளுக்கு மணியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், உள்ளுக்குள் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் அப்பா ரிவெட் ஆணி எண்ணும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார், லாபம் என்றுதான் தொடங்குவார், லாபம், ரெண்டு, மூணு. அதைக் கேட்டே வளர்ந்தவள். ஸ்கேட்டிங்கிலும் முதல் சுற்றை லாபம் என்றுதான் எண்ணுவாள். "லாரிப் பட்டறையா நெல்லு மண்டியாட்டி அது?" என்று ரெனிட்டா கேலி பண்ணுவாள். அப்படி எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு, ஏழாவது சுற்று முடிகிற இடத்தில் மணி அடித்தது. கடைசிச் சுற்றுக்கான மணி. இன்னும் இரண்டு இருக்கிறது என்று உள்ளே இருக்கிற எண் சொன்னது. முன்னால் ரெனிட்டாவின் முதுகு இன்னும் தாழ்ந்தது, தோள் அசைந்தது, மிச்சம் வைத்திருந்த மூச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். பூவிழிக்கு அந்தக் கணத்தில் வந்தது என்ன? பயமா, குழப்பமா, இரக்கமா? இல்லை. சந்தோஷம். வயிற்றிலிருந்து குபீரென்று கிளம்பி மார்பு வரைக்கும் வந்த சுத்தமான சந்தோஷம். அதை யாரிடமும் சொல்ல முடியாது. தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை, ஆனால் எட்டாவது தடவையும் அது அதே இடத்தில், அதே சூட்டோடு இருக்கிறது.

முப்பத்தேழா? முப்பத்தேழு. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு விநாடி. இன்னும் ஒண்ணு, என்று சொல்ல ஒரு விநாடி போதும். பன்னிரண்டு விநாடியில் பன்னிரண்டு தடவை சொல்லியிருக்கலாம். மூச்சில்லை என்று முதலில் நினைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. ஒன்பதாவது சுற்று முழுவதற்கும் இருந்ததே, அதில் ஒரு துளி எடுத்துச் செலவழித்தால் என்ன குறைந்திருக்கும். ரெனிட்டா கோட்டைத் தாண்டினாள், நிமிர்ந்தாள், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு சறுக்கியபடியே திரும்பிப் பார்த்தாள். அங்கேதான் பூவிழியின் நினைவு ஒவ்வொரு தடவையும் போய் இடித்துக்கொள்கிறது. கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய கோச்சைப் பார்க்கவில்லை. பூவிழியைத்தான் தேடினாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த முகம், அந்த ஜெயிப்பை முதலில் இவளிடம் காட்டத் திரும்பிய முகம், முன்பல் இரண்டும் தெரிய ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குக் கீழே குனிந்தபடி பூவிழி அவளைத் தாண்டிப் போனாள். நடுவர்கள் ஓடு ஓடு என்று கையைக் காட்டியதும், ரெனிட்டா புரிந்துகொண்டு மறுபடி குனிந்ததும், அதற்குள் அரைச் சுற்று போய்விட்டதும் பின்னால் நடந்த சமாசாரங்கள். பூவிழி பார்க்கவில்லை. ஓடி முடித்தபின் ரெனிட்டா ஓரத்து மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, "மணி அடிச்சாங்கல்லா? ஒனக்கும் கேட்டுச்சுல்லா?" என்றாள். பூவிழி குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்க்க எதுவுமில்லை, ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. அதைத் திரும்பக் கட்டி, திரும்ப அவிழ்த்தாள்.

நாற்பத்திரண்டில் கை வழுக்கியது, எண்ணெய் அதிகம். துணியால் துடைத்தாள். இந்தத் துணி ரெனிட்டாவின் பழைய கல்லூரி பனியனைக் கிழித்தது, அரக்கு நிறம். அந்த நிறத்தைக் கண்டாலே பூவிழிக்கு ஒரு காலத்தில் பற்றிக்கொண்டு வரும். சென்னையில் ஒரு மால் மாடியில் பேட்மிண்டன் மைதானத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பனித்தளம் இருக்கிறது. காலை ஆறு முதல் ஏழு வரை இரண்டு கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். நாலு எட்டு வைத்தால் திருப்பம் வந்துவிடும். ரெனிட்டாவின் கல்லூரி ஆறரைக்குத் தளத்தைக் காலிசெய்ய வேண்டும், பூவிழியின் கல்லூரி ஆறரைக்கு உள்ளே வர வேண்டும், அவர்கள் சில நாள் ஆறு முப்பத்தேழுக்குத்தான் வெளியே வருவார்கள். முப்பத்தேழு. பூவிழி பார்த்துவைத்திருந்தாள், பதினொரு நாளில் மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிஷம் போயிருந்தது. பன்னிரண்டாம் நாள் தடுப்புக்கு வெளியே நின்று சொன்னாள், "ஐம்பத்திரண்டு நிமிசம் எங்களுக்கு வரோணும்." ரெனிட்டா என்கிற நாகர்கோவில்காரி, மூன்று வருஷம் மாநில ரோலர் போட்டியில் பூவிழியை இரண்டாவதாக நிற்க வைத்தவள், தலைக்கவசத்தைக் கழற்றி, நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இத எண்ணிட்டா நின்ன? இந்தக் குளுருலயா?" என்றாள். பிறகு, "வா, ஐம்பத்திரண்டு நிமிசமும் சேந்தே ஓடித் தீப்போம்" என்றாள். அப்படித்தான் தொடங்கியது. எந்த நாள் அது வேறாக மாறிற்று என்பதற்குப் பூவிழியிடம் தேதி இல்லை. எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருக்கிறவளிடம் அதற்கு மட்டும் இல்லை. ரெனிட்டாவின் இடது கையுறை விரல் நுனிகளில், திருப்பத்தில் பனியைத் தொட்டு வழுக்குவதற்காக, குழாய் ஓட்டை அடைக்கிற பசையை உருட்டி ஒட்டிக் காயவைத்தார்களே, ஐந்து விரலுக்கும் ஐந்து குமிழ், அந்தச் சாயங்காலமாக இருக்கலாம். காய இருபது நிமிஷம் ஆகும், அதுவரை விரல்களைப் பிரித்துப் பிடித்திருக்க வேண்டும் என்றாள் பூவிழி. இருபது நிமிஷம் ஆயிற்று, நாற்பது ஆயிற்று, கையை யாரும் எடுக்கவில்லை. அதன் பிறகு ரெனிட்டாவின் பிளேடுகள் பூவிழியிடம் வந்தன. ரெனிட்டாவுக்குச் சாணை பிடிக்கப் பொறுமை கிடையாது, இருபது இழுப்பு இழுத்துவிட்டு போதும் என்று எழுந்துவிடுவாள். ஸ்கேட்டிங் ஓடுகிற எவளும் தன் பிளேடை இன்னொருத்தி கையில் கொடுக்க மாட்டாள். எதிர்க் கல்லூரிக்காரி கையில் கொடுத்தாள் என்றால் பைத்தியம் என்பார்கள். யாருக்கும் தெரியாமல்தான் கொடுத்தாள். வெளியே சொல்ல முடிந்தது அவர்களுக்குள் அது ஒன்றுதான், அதையும் அவர்கள் வெளியே சொல்லவில்லை.

ஐம்பது. ஐஸ் மேல சொந்தமில்ல என்று விதி போட்டவள் ரெனிட்டாதானே. இங்கே வரும் ரயிலில், இரண்டு நாள் பயணத்தில், இரண்டு அணிகளும் ஒரே பெட்டியில் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கையில், மேல் படுக்கையில் ஒரே கம்பளிக்குள் காலை நீட்டிக்கொண்டு அவள்தான் சொன்னாள். "இடம் ஒண்ணுதான் இருக்கு. ஐஸ் மேல ஏறினா நீ யாரோ நான் யாரோ. கீழ எறங்கினப்பொறவு பாத்துக்கலாம். என்ன பூ?" பூவிழி தலையாட்டினாள். ஆகவே தப்பு ஒன்றுமில்லை. விதி அவள் போட்டது, நான் அதன்படி நடந்தேன். இதை ஒரு பலகை மாதிரி எடுத்து நிறுத்துவாள், உடனே அது சாய்ந்து விழும். போன அக்டோபரில் ரோலர் போட்டியில், கடைசிக்கு முந்தைய திருப்பத்தில், பூவிழியின் இடது பின்சக்கரத்தின் நட்டு தளர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ரெனிட்டாவுக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கிறது. தலையைத் திருப்பி, "ஏட்டி, வீலு!" என்று கத்தினாள். பூவிழி காலைத் தூக்கிப் புல்லில் போய் விழுந்தாள், ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்த வேகத்தில் சக்கரம் கழன்றிருந்தால் கழுத்து போயிருக்கும். தலையைத் திருப்பிய அந்த நேரத்தில் மூன்றாவதாக வந்தவள் ரெனிட்டாவைத் தாண்டிப் போனாள். விநாடியில் பத்தில் இரண்டு பங்கு. தங்கப் பதக்கம் போயிற்று. "கத்தாம இருந்திருக்கலாம்ல நீயி" என்று பூவிழி கேட்டபோது, "தானா வந்துட்டு" என்றாள். தானா வந்துட்டு. பூவிழிக்கு ஏன் தானாக வரவில்லை? பன்னிரண்டு விநாடி இருந்தும் ஏன் வரவில்லை? அவளுக்குத் தானாக வருவது ஒன்றே ஒன்று, எண். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, பாருங்கள், இப்போதும் வருகிறது, யாரும் கேட்காமலே வருகிறது.

அறுபது. கல்லைத் திருப்பிப் பிடித்தாள், அடுத்த அறுபது. லாபம், ரெண்டு. கடிகாரத்தைப் பார்த்தாள், பன்னிரண்டு இருபத்தெட்டு. வழக்கமாக அறுபதுக்கு ஏழு நிமிஷம், இன்றைக்கு அதைப்போல மூன்று பங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. நடுவர் அம்மாள் சொன்ன விதி எளிமையானது. சுற்றை எண்ணுவது ஓடுகிறவரின் பொறுப்பு. ஆனால் முதல் இரண்டு பேருமே மணியை நம்பி ஏமாந்திருந்தால், மாலை நாலு மணிக்கு இருவர் மட்டும் மறுபடி ஓடலாம். ரெனிட்டா ஏமாந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பூவிழி ஏமாந்தாளா என்பது பூவிழிக்கு மட்டும்தான் தெரியும். தாளில் அதை எழுதித் தர வேண்டும். கோச் தனபால் சார் இந்த அறை வாசல்வரை கூடவே வந்தார். "பாரும்மா, பொய்யெல்லாம் ஒண்ணும் வேணாம். உண்மையை எழுது. எண்ணிக்கிட்டு ஓடினேன், மணி தப்புன்னு தெரியும், அதான் நிக்கலைன்னு எழுது. முடிஞ்சது கதை" என்றார். "சரிங்க சார்." "ஹங்கேரில ரொம்பக் குளிருமாம், உங்கப்பாவை நல்ல ஸ்வெட்டரா வாங்கச் சொல்லு." சிரித்துக்கொண்டே போனார். உண்மையை எழுதச் சொல்வதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற மனுஷனை அவள் பார்த்ததில்லை. உண்மையை எழுதினால் இடம் இவளுக்கு. எழுதின தாள் ரெனிட்டாவுக்கும் காட்டப்படும், அவள் கையெழுத்தும் வேண்டுமாம். அப்போது அவள் படிப்பாள்: மணி தப்பு என்று எனக்குத் தெரியும். தெரியும் என்ற சொல்லில் அவள் கண் நிற்கும். பொய் எழுதினால், நானும் ஏமாந்தேன், நிற்கத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தேன் என்று எழுதினால், நாலு மணிக்கு மறு ஓட்டம். நேராக ஓடினால் பத்துக்கு ஏழு தடவை ரெனிட்டாதான் ஜெயிப்பாள். பூவிழி அந்தக் கணக்கையும் வைத்திருக்கிறாள், இருபத்தாறு ஓட்டத்தில் பதினெட்டு அவளுக்கு, எட்டு இவளுக்கு. இடம் போகும். ஆனால் ரெனிட்டாவுக்குத் தெரியவே தெரியாது. இந்தக் காலணிகள் நாளைக்கும் இவளிடம் வரும். எண்ணித்தானே தேய்ப்ப. பதினாறு, பதினேழு. மூன்று வருஷம் இரண்டாவதாக நின்றது நினைவுக்கு வந்தது. மேடையில் இரண்டாவது படி முதல் படியைவிட ஒரு சாண்தான் கீழே, நின்று பார்த்தவளுக்குத்தான் தெரியும் அது எத்தனை ஆழமென்று. இந்த இடம் எனக்குச் சேர வேண்டியது. எண்ணினேன், ஜெயித்தேன், எண்ணத் தெரியாதவள் தோற்றாள், இதில் என்ன. இதில் என்ன என்று அவள் உதடு அசைந்து சொன்னது. பதினேழா பதினெட்டா.

பதினெட்டு என்று வைத்துக்கொண்டாள். கை பாட்டுக்கு இழுத்தது. இன்னொன்றும் மனதுக்குள் தலைகாட்டிற்று, அதை அவள் கூப்பிடவில்லை. மறு ஓட்டம் வைத்தாலும், இந்த ஜிக்கில் இருப்பது அவள் பிளேடு. தேய்த்தபின் ஓரத்தில் நிற்கிற இரும்புப் பிசிறை ஒரு பக்கம் மட்டும் எடுக்காமல் விட்டால் மூன்றாம் திருப்பத்தில் கால் வெளியே இழுக்கும், யாருக்கும் தெரியாது, ஓடுகிறவளுக்குக்கூட ஈரப் பனி என்றுதான் தோன்றும். சீ, என்றாள் வாய்விட்டு. சுவர் கேட்டது. இதையும் நினைக்கிறவளா நான்? நினைக்கிறவள்தான். காலையில் எட்டாவது சுற்றில் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு மாலையில் பிசிறு விடுவது எவ்வளவு தூரம். கல்லைக் கீழே வைத்தாள். கைகளைத் துடைத்தாள். தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, நின்றபடியே எழுதினாள், கல்லூரி ஆங்கிலத்தில், இரண்டே வரி. மணி அடித்தபோது கடைசிச் சுற்று என்றுதான் நானும் நினைத்தேன். களைப்பில் நிற்காமல் ஓடிவிட்டேன். கையெழுத்து, தேதி, நேரம் பன்னிரண்டு நாற்பத்தொன்று. எழுதி முடித்ததும் உடம்பு லேசாகும் என்று நினைத்திருந்தாள், ஆகவில்லை. தியாகம் பண்ணினவளுக்கு வருகிற நிம்மதி எதுவும் வரவில்லை. பயந்தவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்ட மாதிரிதான் இருந்தது. இது அவளுக்காக எழுதியதா, அவள் என்னை அந்தக் கண்ணால் பார்க்காமல் இருப்பதற்காக எழுதியதா? இருக்கட்டும். எதற்காக எழுதினால் என்ன, எழுதியாயிற்று. மறுபடி கல்லை எடுத்தாள். கட்டைவிரல் நகத்தைப் பிளேடின் ஓரத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள், வெள்ளை மாவாகச் சுரண்டி வந்தது, நல்ல கூர். இருபத்தைந்து, முப்பது, முப்பத்தாறு. இப்போது கல் ஒரே சீராகப் பாடிற்று. நாலு மணிக்கு ஓடுவோம், அவள் ஜெயிப்பாள், ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள், அந்தச் சிரிப்பை இந்தத் தடவை நேராக வாங்கிக்கொள்ளலாம். அப்படி நினைத்தபோது கண் கலங்கி எண் கலைந்தது. நாற்பத்தொன்றாக இருக்க வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு ரெனிட்டா வந்தாள். பனியுடுப்பை மாற்றி, சாதாரணச் சுடிதாரும் மேலே கல்லூரிச் சட்டையும் போட்டிருந்தாள். முடி உலர்ந்து, சீவி, பின்னியிருந்தது. மறுபடி ஓடப் போகிறவள் யாரும் முடியை இப்படிப் பின்னிக்கொள்ள மாட்டாள், தலைக்கவசம் உட்காராது. பூவிழி அதைப் பார்த்தாள், பார்த்தும் புரியாதவள் மாதிரி, "இன்னும் பத்தொம்போது இருக்குது. அப்பறம் பிசிறு எடுக்கோணும்" என்றாள்.

"எழுதிட்டியா?"

"ம்."

ரெனிட்டா தானே தாளை எடுத்துப் படித்தாள். இரண்டு வரியைப் படிக்க அத்தனை நேரம் ஆகாது. பிறகு மூக்கால் லேசாகச் சிரித்தாள். "ஒனக்குப் பொய்யெழுதத் தெரியல. நேரம் போட்டிருக்க பாரு. பொய்யி எழுதுறவ எவளாவது பன்னெண்டு நாப்பத்தொண்ணுன்னு நேரம் போடுவாளா?"

"ரெனி, நானும் மணியக் கேட்டுப்போட்டு..."

"கெட." தாளை நாலாக மடித்து எண்ணெய்ப் புட்டிக்கு அடியிலேயே வைத்தாள். "நான் அந்தம்மாட்ட எழுதிக் குடுத்தாச்சு, பன்னெண்டு மணிக்கே. இவளுக்கு மணியும் வேண்டாம் போர்டும் வேண்டாம், எப்பவும் எண்ணித்தான் ஓடுவா, இவ ஏமாறலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. இடம் ஒனக்குதான். போயிட்டு வா."

பன்னிரண்டு மணிக்கே. அப்படியானால் காலணிகளைக் கொண்டுவந்து கொடுத்தது அதற்கப்புறம். மறுபடி ஓட வெச்சா வேணும் என்று சொன்னது அதற்கப்புறம். பூவிழி கல்லைக் கீழே வைத்தாள். "அப்பறம் எதுக்கு இதைக் கொண்டாந்து குடுத்த?"

"நீ என்ன எழுதுவன்னு பாக்கணும்னு தோணிச்சு." ரெனிட்டா ஜிக்கின் திருகுகளைத் தளர்த்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. "நெசத்த எழுதியிருந்தா வந்து ஒரு அறை விட்டுட்டு, இதத் தேய்க்கச் சொல்லியிருப்பேன். சத்தியமா. நீ பயந்துட்டல்லா."

"ஐஸ் மேல சொந்தமில்லன்னு நீதான சொன்ன? ரயில்ல?"

"சொன்னேன்." மூன்றாவது திருகைத் தளர்த்தினாள். "நெசமா அப்பிடி இருப்பன்னு நெனைக்கலட்டி. ஒரு வார்த்தைதான் பூ. நான் ஜெயிக்கக்கூட வேண்டாம், ஒரு வார்த்தை கத்திட்டு நீயே ஜெயிச்சிருந்தா எனக்கு என்ன?"

மேலே பனித்தளத்தைச் சீராக்குகிற வண்டி ஓடத் தொடங்கியது, கூரை முழுவதும் உறுமியது. ரெனிட்டா காலணிகளை வெளியே எடுத்துக் கயிறுகளைச் சேர்த்து முடிச்சிட்டுத் தோளில் போட்டாள். பூவிழிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லலாம், அந்தச் சந்தோஷத்தைப் பற்றிக்கூடச் சொல்லிவிடலாம், சொன்னால் ஒருவேளை அறைவாள், அறைந்தால் நல்லது. வாய் திறந்தது.

"பிசிறு எடுக்கல" என்றாள்.

"கெடக்கட்டு" என்றாள் ரெனிட்டா. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. படிகளின் அடியில் காலடிச் சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு, மூன்று, பதினான்கு, பிறகு வண்டியின் உறுமலில் கரைந்துபோயிற்று.

பூவிழி காலி ஜிக்கைத் துடைத்தாள். எண்ணெய்ப் புட்டி, தாள், அரக்கு நிறத் துணி. கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்து மூன்று. மூன்றரைக்கு ஐந்நூறு மீட்டர் இருக்கிறது, அவள் பெயர் இரண்டாவது வரிசையில். பையைத் திறந்து தன் காலணிகளை எடுத்தாள், தலைகீழாக வைத்தாள், திருகுகளை முறுக்கினாள், மட்டம் பார்த்தாள். இரண்டு துளி எண்ணெய். கல்லைக் குறுக்கே வைத்தாள். லாபம், ரெண்டு, மூணு. அழுகை வரும் என்று காத்திருந்தபடியே இழுத்தாள். பத்து வந்தது, இருபது வந்தது. இருபத்திமூன்று வந்தது, அது இருபத்திமூன்றுதான், அதில் சந்தேகமே இல்லை. நாற்பத்தொன்று வந்து, தடங்கலில்லாமல் நாற்பத்திரண்டு வந்தது. கல் போகிற சத்தமும் வருகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன, மனதில் வேறு எதுவும் குறுக்கே வரவில்லை. ஏழு நிமிஷம். ஒரு மணி தாண்டியது, தாள் புட்டிக்கு அடியிலேயே கிடந்தது. சரியாக அறுபது. ஓர் இழுப்பிலாவது எண் தப்பியிருந்தால் தேவலை என்று நினைத்து, கல்லைத் திருப்பிப் பிடித்தாள்.